ஆறு வாரச் சட்டம்

தண்ணீர் எழுபது பாகை.
தகட்டை அமிழ்த்துகிறேன்.
வெண்மை கலைந்து
தொட்டியின் அடியில் கிடக்கும் கரண்டி தெரிந்தால்
பதம்.
துண்டில் ஒற்றியெடுத்து
துவளத் துவள ரிம்கைலேயின் முன்கையில் விரிக்கிறேன்.

நவம்பர். கிளைப்பெடா.
காயலைக் கடக்கும் படகு
மூடுபனிக்குள் ஊதிக்கொண்டே போகிறது.
இந்த அறையில் அது எனக்கு மட்டும் கேட்கிறது.

விலாங்கு அறுக்கும் கத்தி வழுக்கியதில்
கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண் அறுந்தது.
மருத்துவர் தைத்து அனுப்பிவிட்டார்.
மீதி என் பாடு:
மணிக்கட்டு முப்பது பாகை பின்வளைய,
கட்டைவிரல் விலகி நிமிர்ந்து நிற்க,
பிளாஸ்டிக் ஆறும்வரை
அவள் கையை என் இரு கைகளில் பிடித்திருந்தேன்.
மூன்று நிமிடம்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
எப்படிப் பேசுவாள்,
பேச்சைத்தான் நான் பிடித்திருந்தேன்.

அன்று அது தோன்றவில்லை எனக்கு.
சைகை மொழிபெயர்ப்பாளர் வராத நாள்.
தாளில் எழுதிக் காட்டினேன்:
ஆறு வாரம். கழற்றக் கூடாது. குளிக்கும்போதும்.
இடக்கையால், கோணலாக,
சரி என்று எழுதினாள்.

மூன்றாம் வாரம் வந்தபோது
சட்டத்தில் கட்டைவிரல் படுக்கும் பள்ளமே இல்லை.
அறுத்து எறிந்திருந்தாள்.
அதே கத்தியாக இருக்கும்,
ஓரமெல்லாம் புகைமீன் வாடை.
தையல் விட்டிருந்தால்? என்று கத்தினேன்.
கத்தி என்ன ஆகப்போகிறது.
தௌமாந்தே என் கூச்சலை
அளவான சைகைகளாக்கிக் கொடுத்தார்.
அவளுடைய பதிலைக் குரலாக்கினார்:

"கட்டைவிரல் கட்டையாகிவிட்டால்
என் சொற்கள் கொன்னுகின்றன.
கடையில், வேலையில், போகட்டும்.
என் மகன் பெயருக்கு நாங்கள் வைத்த சைகை
கட்டைவிரலால் என் கன்னத்தை இருமுறை தொடுவது.
இந்தப் பலகையோடு கூப்பிட்டால்
அம்மா தன்னையே அடித்துக்கொள்கிறாள் என்று
அழுகிறான்."

பதினெட்டு வருடமாகக் கைகளைப் பூட்டுகிறேன்.
வாய்ப்பூட்டு போட்டது இது முதல்முறை.

அவிழ்த்துப் பார்த்தேன். தையல் பிடித்திருந்தது.
அறுத்த சட்டத்தை வெந்நீரில் போட்டேன்.
இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஞாபகம் உண்டு என்போம்:
சூடு பட்டால் கையை மறந்து
பிறந்த தட்டைக்கே திரும்பும்.
திரும்பியது.
கத்தி போன வழி மட்டும் அப்படியே.

புதிதாக ஒன்று வார்த்தேன்.
ஓரங்களை இன்னும் மெல்ல மடித்தேன்,
எலும்பு துருத்தும் இடத்தில் பஞ்சு வைத்தேன்.
பாகையில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.
சட்டம் சட்டம்தான்.

அடுத்த முறை யோரிஸும் வந்தான்.
ஐந்து வயது. காது கேட்கும்.
ஜன்னலில் மூக்கை ஒட்டிப் படகு பார்த்தான்,
முதுகு எங்கள் பக்கம்.
ரிம்கைலே எழுந்து போய்த் தோளைத் தொடவில்லை.
சட்டத்தை மேசையில் தட்டினாள்.
டொக், டொக்.
அவன் திரும்பினான்.

வீட்டில் பழகியிருக்கிறார்கள் இதை.
"எலும்பில் தெரிகிறது" என்றாளாம்,
"எவ்வளவு சத்தமாக இருக்கிறேன் என்று."

ஆறு வாரம் முடிந்தது.
பட்டைகளைப் பிரித்தேன்.
வெளுத்து, மெலிந்து, தோல் உதிரும் கை.
உள்ளங்கையை மேசையில் பரப்பி
கட்டைவிரலை மட்டும் தூக்கச் சொன்னேன்.
நடுங்கிற்று. ஒரு தீக்குச்சி நுழையுமளவு
இடைவெளி விழுந்தது.
அந்த நடுக்கத்தோடேயே அதைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.
இருமுறை.

யோரிஸ் பார்க்கவில்லை.
கப்பல் எண்ணிக்கொண்டிருந்தான்.

குப்பைக்கூடைக்கு நான் நீட்டிய சட்டத்தை
இடக்கையால் பறித்தாள்
ரிம்கைலே.