தாழ்ப்பாள்

நாலாவது பள்ளி, மடிப்பாக்கம்.
நீச்சல்குளம் காட்டினார்கள், ரோபோ காட்டினார்கள்.
பெனிட்டா, "டாய்லெட் எங்கே?" என்றாள்.
அவளுக்குத்தான் என்று நினைத்து
டீச்சர்கள் அறைச் சாவியை நீட்டினார்கள்.
"பிள்ளைங்களோடது" என்றாள்.

என் எக்செல் தாளில்
டொனேஷன், வேன், தூரம்,
இந்தி எந்த வகுப்பிலிருந்து,
எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு.
தாழ்ப்பாளின் உயரத்துக்கு இல்லை.

ஒன்றாம் வகுப்பு முழுக்க
கதவைச் சாத்த எட்டாமல்
சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டிருந்தாளாம்,
பெரம்பூர் வீடு வந்து சேரும்வரை.
பதினோரு வருடமாகத் தெரியும் இவளை.
இன்றுதான் சொல்கிறாள்,
ஸ்கூட்டரில், என் முதுகிடம்.

கீழ்க்கட்டளை சிக்னல்.
முன்னால் நின்று
ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்த ரோவன்
கையை எடுத்தான்.
"எனக்கும் எட்டலன்னா
யாரைக் கூப்பிடணும்?"

பச்சை விழுந்தது.
பின்னாலிருந்த ஆட்டோக்காரர்
எங்களைத் திட்ட ஆரம்பித்தார்.