நோக்கம் என்ற கட்டம்

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
பாதி வாடகை பாக்கி நிற்கும் அறை.
ப்ளைவுட் பலகையில் ஒரு கோளை விரித்திருக்கிறோம்:
காபித்தூள் தூவிய பாலைவனம்,
தெர்மோகோல் மலை,
தீக்குச்சி வேலிக்குள் எட்டு வீடுகள், ஒரு கிணறு.

வானத்திலிருந்து இறங்குகிறார்கள் சூறையர்.
எலும்பால் கட்டிய கலம்,
மந்திரம் ஓதினால் எரியும் எஞ்சின்,
கட்டைவிரல் உயரத்தில் நாற்பது பேர்.
ஆளுக்கொரு முகம் வரைந்தவள் பேச்சி,
காயப்போகும் நகப்பூச்சில்.

படைக்கு ஒரு சீட்டு எழுதுவது என் வேலை.
வேகம் ஆறு. கவசம் மூன்று.
அச்சம் என்ற இடத்தில் ஒரு கோடு.
கடைசியில் நோக்கம் என்று ஒரு கட்டம்,
தபால்தலை அளவுதான்,
மூன்று வாரமாகக் காலி.

'ரத்தவெறின்னு போடு, போதும்'
என்கிறான் இதாயத்துல்லா.
அவனுடையது காவல்படை, சீக்கிரம் சுட வேண்டும்.
நாற்பது பேருக்குமா வெறி, என்று கேட்டேன்.
பகடையை உள்ளங்கையில்
குலுக்கிக்கொண்டே இருந்தான்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் துளசிராம்
தமிழ் எம்.ஏ.வைப் பாதியில் விட்டவர்.
'ஆநிரை கவரப் போனவன்
வெட்சி சூடிப் போனான் அந்தக் காலத்தில்.
பூ இருந்தால் திணை, இல்லாவிட்டால் திருட்டு.
உன் ஆட்களுக்கும் ஒரு பூ வை.'
வைத்துப் பார்த்தோம்,
தலைக்கவசத்தில் சிவப்பு நூல் முடிச்சு.
அழகாகத்தான் இருந்தது.
கட்டம் நிரம்பவில்லை.

அன்று பேச்சி தாமதம்.
உசிலம்பட்டிப் பக்கம் குழுக்கடன் வசூல்.
தவணை கட்டாத வீட்டு வாசலில்
இருட்டும்வரை வண்டியை அணைக்காமல் நிற்க வேண்டும்,
அதுதான் முறை.
ஹெல்மெட்டைக் கழற்றிப் பாலைவனத்தில் வைத்துவிட்டு
தன் ஆட்களை ஒவ்வொருவராகத் தொட்டாள்.

'இவன் தலைவன். இவனுக்கு மேல ஒருத்தன் இருக்கான்,
அவனுக்கு நாம பொம்மை செய்யல.
இவன் வந்தது, முன்னால போனவன் வந்ததால.
இவனுக்குத் தங்கச்சி கல்யாணம்.
இவன் வரலைன்னா அடுத்த ஊர் இவனோட ஊர்.
இவனுக்கு நிஜமாவே பிடிக்கும்.
நாற்பதுல ஒருத்தன் அப்படி இருப்பான்,
மத்தவங்களுக்கு அவன் பெரிய ஒத்தாசை.'
கடைசி ஆளை மட்டும்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.
'இவனுக்கு டார்கெட்.'

நாலே சுற்றில் எட்டு வீடும் போயின.
கிணற்றை விட்டுவைத்தாள்.
'அடுத்த மாசமும் வரணும்ல?'

எனக்கு இரவுப் பணி,
மேலூருக்கு அப்பால் எடைமேடை.
கல் ஏற்றிய லாரி வரும், நிற்கும்,
சிவப்பில் எண் எரியும், போகும்.
எந்த மலை என்று லாரி சொல்லாது,
எடைமேடை கேட்காது.
விடிகாலைப் பேருந்து ஒத்தக்கடையைத் தொடும்போது
ஒரு தடவை கண் திறந்து,
யானைமலை படுத்த இடத்திலேயே
படுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.
இருக்கும்.
மறுபடி தூங்கிவிடுவேன்.

மலைமேல் எனக்குக் கோபமில்லை.
இருந்திருந்தால்
அந்தக் கட்டத்தில் எழுத
ஒரு சொல்லாவது கிடைத்திருக்கும்.

சீட்டுக்கென்று தனியாகத் தாள் வாங்கவில்லை.
கிழித்துப் போடச் சொன்ன ரசீதுகளை
சட்டைப்பையில் கொண்டுவந்து
வெற்றுப் பக்கத்தில் எழுதுகிறேன்.
நேற்றுப் பொடி எழுத்தில்,
தபால்தலைக்குள் அடங்கும்படி, எழுதி முடித்தேன்:
பின்பக்கம் பார்க்க.

இதாயத்துல்லா திருப்பினான்.
வண்டி எண்ணுக்கு நேரே ஒன்றுமில்லை.
மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை.
கீழே என் கையெழுத்து.

'என்னடா இது?'

உன் முறை, என்றேன்.
பகடையைப் போடு.