கதவு வேடம்

பெயர் தாங்குவொலே.
அவள் மொழியில் அதற்குள் ஆகாயம் இருக்கிறதாம்.
எங்கள் ஃபாக்டரியில் அது தாங்கு ஆகி,
பிறகு தாங்கம்மா.
லிதுவேனியா எங்கே என்று டெய்சி டீச்சரைக் கேட்டேன்.
வரைபடத்தில் விரல் வைத்தார்.
விரலை எடுத்த பிறகுதான் நாடு தெரிந்தது.

பள்ளியில் நாடகம் சொல்லித்தர வந்தவள்.
ஐப்பசி மழையில் ரோடு சரிந்து பள்ளி மூடிவிட,
விசாவில் ஆறு வாரம் மிச்சம்.
கீழ்க்கோத்தகிரி இறக்கத்தில் நடந்து வந்து
கொழுந்து வாட்டும் மாடியில் ஏறி நின்றாள்.
தொட்டிகளுக்கு அடியில் விசிறி ஊத
பச்சை வாசனை முகத்தில் ஏற
"யார் கட்டிய அரங்கு இது?" என்றாள்.
மானேஜர் போஜன் சிரித்துவிட்டு
ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தார்.

நாற்பத்தொரு நாடகம் போட்டவளாம்.
முதல் நாடகத்தில் தணிக்கைக்காரர் பன்னிரண்டு வரிகளை அடித்தார்.
அந்தப் பன்னிரண்டு வரி நேரமும்
நடிகர்களை வாய் மூடி நிற்கவைத்தாள்.
ஊரே அதைக் கேட்க டிக்கெட் வாங்கியது.
அவளைப் பொம்மலாட்டத்துக்கு மாற்றினார்கள்.
பொம்மைகளும் வாய் மூடி நின்றன.

விடுதலை வந்த குளிர்காலம்
அவள் அரங்கில் ஏழு பேர்.
மற்றவர்கள் தெருவில்
இன்னும் பெரிய நாடகத்தில் இருந்தார்களாம்.
அப்புறம் அந்தக் கட்டடத்தில் கார் விற்றார்கள்.
இதைத் தமிழில் சொல்ல டீச்சர் தயங்கினார்.
அவளோ எங்கள் டஸ்ட் டீயில்
வர்க்கியை நனைத்துக்கொண்டிருந்தாள்.

யோகராணிக்குத் தாய் வேடம்.
டிராக்டர் ஓட்டும் பெள்ளி காவலாளி.
எடை போடும் எனக்குக்
கதவு.

வீட்டில் சொல்லவில்லை.
முதல் ஒத்திகையில் கைகளை விரித்துப்
பலகை மாதிரி விறைத்தேன்.
"நடிக்காதே. மூடியிரு."
எப்படி என்றேன்.
"அரைக் கிலோ குறைகிறதே என்று ஒருத்தி கத்தும்போது
உன் முகம் இருக்குமே, அப்படி."
அவள் அதைப் பார்த்திருப்பாள் என்று நினைக்கவில்லை.

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தால்
எல்லோரையும் நிறுத்துவாள்:
"எங்கள் ஊரில் இதற்கு மெஷின் வாடகை!"

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு சரக்கு ரயில் பெட்டி, முப்பது பேர்.
எங்கே போகிறோமென்று யாரும் சொல்லவில்லை.
வழியில் ஒரு குழந்தை பிறக்கிறது,
காற்றுக்காகக் கதவோரம்.
யோகராணி கேட்டாள்: "இது தலைமன்னார் ரயிலா?"
தாங்கம்மா அந்தப் பெயரை
இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.
"சைபீரியா. ஆனால் அதுவாகவும் இருக்கட்டும்."
யோகராணியின் அம்மாவும் என் அம்மாவும்
ஒரே கப்பலில் வந்து
மண்டபம் முகாமில் ஒரே வரிசையில் நின்றவர்கள்.
நாங்கள் அதைச் சொல்லவில்லை.
அந்தக் குழந்தை யாரென்று அவளும் சொல்லவில்லை.

நாடக இரவில் கரண்ட் போனது.
விசிறிகள் ஓய்ந்தபோதுதான் தெரிந்தது
இத்தனை வருடம் அவை பேசிய பேச்சு.
டிரைவர் ஆலன் மேல் ரோட்டில் பிக்கப்பைத் திருப்பி
ஹெட்லைட்டை மாடிக்குள் விட்டான்.
முடிந்தது. கைதட்டல்.
கீழே முற்றத்தில் காட்டெருமை.
ஒன்றில்லை, ஐந்து.
யாரும் படி இறங்க முடியாது.
மணி பத்து. பிள்ளைகள் அழத் தொடங்க
தாங்கம்மா காற்றில் விரலைச் சுழற்றினாள்:
மறுபடி. முதலிலிருந்து.

இந்த முறை பார்க்க வந்தவர் என்று யாருமில்லை.
நூற்றிருபது பேரும் பெட்டிக்குள் இருந்தோம்.
எவரோ ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு
நிஜமாகவே கெஞ்சினார்: "திறந்திராதேம்மா."

கடைசியில் நான் திறக்கவேண்டிய இடம்.
சத்தமே கூடாது என்று
ஆறு வாரமாகச் சொன்னவள்.
குந்தியிருந்து எழுந்தேன்.
வலது முழங்கால்
மடக்கென்றது.
மாடி முழுக்கக் கேட்டது.

மேகமும் ஹெட்லைட்டும் கலந்த வெள்ளையில்
அவளைத் தேடினேன்.
உள்ளங்கை இரண்டையும் மார்போடு அழுத்திக் காட்டினாள்:
அதை வைத்துக்கொள்.