இருபத்தெட்டரைச் சக்கரம்

பாடம் ஏழு. பக்கம் தொண்ணூற்றிரண்டு.
மாநிலங்கள் சீரமைப்பு:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, நவம்பர் ஒன்று.
இரண்டு மதிப்பெண்.
அதன் கீழே ரிஃபானா பேனா முனையால்
ஒரு குழி தோண்டியிருந்தாள்.
குழி மறுபக்கம் போய்
ஏதோ ஓர் அணைக்கட்டில் ஓட்டை போட்டிருந்தது.

"இது நம்ம செங்கோட்டைக் கதைதானே" என்றேன்.
"நம்ம ஊர் பேரே இதுல இல்லையே, அத்தா."
விரல் வைத்துத் தேடினேன்.
இல்லை.

நான் வரலாறு படித்தவனில்லை.
புளியரைச் சோதனைச் சாவடியில்
கோழி லாரிகளின் சக்கரத்துக்கு மருந்தடிக்கிறவன்.
பறவைக் காய்ச்சல் பருவத்தில்
எல்லை என்பது எனக்கு
முதுகில் தொங்கும் பதினாறு லிட்டர்.

சாக்பீஸ் எடுத்து
அடுக்களை வாசலில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.
அந்தப் பக்கம் திருவிதாங்கூர். இந்தப் பக்கம் மதராஸ்.
நிலைக்கு மேலே, ஊர் முகப்பு வளைவில் இருக்கிறதே,
அந்தச் சங்கை வரைந்தேன்.
முந்திரிக்கொட்டை என்றான் ஜாசிம்.
போகட்டும், அவன்தான் அந்த நாட்டுச் சுங்கக்காரன்:
இடுப்பில் குற்றாலத் துண்டு, காதில் பென்சில்,
வயது ஆறரை.

சோடா மூடிகள் சக்கரக் காசு.
இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு வெள்ளைக்கார ரூபாய்
என்று எங்கோ படித்ததைச் சொல்லிவிட்டேன்.
"அரையை எப்படித் தர்றது?"
மூடியைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள்,
என் கட்டைவிரலையும் சேர்த்து.
கடைசியில் ஒரு வட்ட பிஸ்கட்டை உடைத்தோம்.
சரிபாதியாக உடையவில்லை.
பெரிய பாதிக்காக இரண்டு அரசாங்கமும்
தலைமுடியைப் பிடித்துக்கொண்டன.
கஜானாவைக் கவ்விக்கொண்டு
தீர்வை கட்டாமல் எல்லை தாண்டியது பூனை.

புனலூர் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து
பஸ் பிடித்து வந்த ஹலீமா
கையில் பழம்பொரிப் பொட்டலத்தோடு
சொந்த அடுக்களைக்குள் நுழைய முடியாமல் நின்றாள்.
"சரக்கு என்ன? எடை என்ன?"
இரண்டு பழம்பொரி வரி.
மூன்றாவது லஞ்சம்.

அப்புறம் ஐம்பத்தாறு வந்தது.
ரிஃபானா நாற்காலி மேல் ஏறி
பக்கம் தொண்ணூற்றிரண்டைச் சத்தமாக வாசித்தாள்.
"இன்று முதல் அடுக்களை எங்களுடையது."
இறங்கி வந்து
காலால் கோட்டைத் தேய்த்தாள்.

ஜாசிம் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு
உட்கார்ந்துவிட்டான்.
அழுகையில் பாதி பழம்பொரி.
"எங்கிட்ட யாருமே கேக்கல."

விளையாட்டு அங்கே முடிந்திருக்க வேண்டும்.
அவள்தான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"சரி, பாத்திரம் கழுவுற தொட்டி உனக்கு" என்றாள்.
ஆரியங்காவும் அப்படித்தான் மலையோடு
அந்தப் பக்கம் நின்றது என்றேன்.
அவள் திரும்பினாள்.
"நிஜத்துல யார்கிட்ட கேட்டாங்க, அத்தா?"

கூட்டம் போட்டார்கள், கொடி பிடித்தார்கள்,
தெற்கே துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்,
கமிஷன் வந்தது, மனு எழுதினார்கள்.
தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.
"ஜாசிம் மாதிரி ஆளுங்ககிட்ட?"

தெரியவில்லை.
தெரியவில்லை என்றே சொன்னேன்.
ஹலீமா தொட்டியில் கை கழுவினாள்,
அதற்கு முன் அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு.

தேர்வில் அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கு
ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள்.
பிஸ்கட், பூனை, சிலிண்டர் எல்லாம் உண்டு.
கிடைத்தது ஒன்று.
ஓரத்தில் சிவப்பு மை:
'கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்.'

வீட்டைத் துடைத்து மூன்று வாரமாகிறது.
நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன்
அடுக்களை வாசலில்
கோடில்லாத இடத்தில்
காலைத் தூக்கி வைத்தேன்.