ஒரு பக்கம் பத்து ரூபா

கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் கடை.
உப்புக்காற்றில் தாள் நமுத்துப்போகும்.
விரித்து, விசிறி, தட்டி அடுக்காவிட்டால்
இயந்திரம் மூன்றாம் தாளிலேயே விக்கும்.
இதுவும் ஒரு வேலைதான்.

ஆகக்குறைந்த சம்பளம் எவ்வளவென்று
வர்த்தமானி வந்த கிழமை
திருகோணமலையில் பாதிச் சனம்
என் மேசைக்கு முன்னால் நின்றது.

குச்சவெளியிலிருந்து யோகமலர்.
இறால் கோது உரித்து உரித்து
விரல்நுனியில் ரேகை இல்லை அவளுக்கு;
நாக்கில் தொட்டுத்தான் பக்கம் புரட்டினாள்.
"என்ர தொழில் எந்தக் கட்டத்துக்குள்ள, பிள்ளை?"
தேடிக் காட்டினேன்.
பயிற்சியற்றவர் என்றிருந்தது.
"நிமிசத்துக்குப் பதினைஞ்சு உரிப்பன்,
குடல் அறாமல், வால் முறியாமல்.
அப்ப பயிற்சி உள்ளவ எத்தினை உரிப்பாவாம்?"
நான் ஸ்டேப்ளரைத் தேடினேன்.

கந்தளாய் மேசன் சுமணதாச
சிங்களப் பக்கத்தைக் கேட்டார்.
எழுத்து வேறு, இலக்கம் அதேதான்.
அதில் விரலை வைத்து
அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

ஒப்பந்தக்காரர் ஒருவர்
மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே சொன்னார்:
"கடைசி வரி இருக்கிற பக்கத்தில
முப்பது அடி. மற்றது வேண்டாம்."

நிலாவெளி ஹோட்டலில் கட்டில் விரிக்கும் பர்ஹான்
ஒரேயொரு வரியைப் பெருப்பித்துத் தரக் கேட்டான்.
இருநூறு வீதத்தில் அடித்தேன்.
எழுத்துத்தான் பெருத்தது.
அவன் அதை நாலாய் மடித்து
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

மதியம் பஸ் நிலையப் பக்கமிருந்து
மானொன்று படியேறி வந்து
குப்பைக் கூடையில் கிடந்த பிழைப் பிரதியைச் சப்பியது.
கட்டடத் தொழில், தச்சு, கம்பி வளைப்பு
எல்லாவற்றையும் தின்றுவிட்டு
அட்டவணையின் அடிக்குறிப்பை மட்டும் துப்பியது.
ஆளில்லாக் கடையில் தனியே சிரித்தேன்.

பிறகுதான் என் வரியைத் தேடினேன்.
கடை, காரியாலய ஊழியர். இருந்தது.
அந்த இலக்கத்துக்கும்
முதலாளி என் கையில் வைப்பதற்கும் நடுவே
இரண்டு பால்மாப் பெட்டி,
தம்பியின் ரியூசன் காசு,
நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வரும் செருப்பு.

போன வருசம் ஒருக்கால் கேட்டேன்தான்.
"நீ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றார் தவராசா அண்ணை,
"வீட்டுக்குள்ள என்ன கணக்கு?"
தோடம்பழமும் ஒன்று தந்தார்.
வீட்டுப் பிள்ளைக்கு அட்டவணையில் கட்டமில்லை.
அவரின் சொந்தப் பிள்ளை கனடாவில்,
பேக்கரி ஒன்றில் நிற்கிறாள்.
அங்கே மணித்தியாலத்துக்கு இவ்வளவென்று சட்டம் இருக்காம்,
ஒரு சதம் குறைக்க ஏலாதாம்.
வருகிறவர் எல்லோருக்கும் சொல்வார்,
அவ்வளவு பெருமை.

அன்று கடை பூட்டமுன்
ஒரு பிரதி கூட அடித்தேன்.
என் பத்து ரூபாவை லாச்சிக்குள் போட்டேன்,
கொப்பியிலும் எழுதினேன்:
பக்கம் ஒன்று, காசு தந்தாச்சு.
நாளைக்கு ஆரும் அதைக் களவென்று சொல்லக்கூடாது.

காலையில் கணக்குக் கொப்பிக்கு மேலே
அந்தத் தாளைக் கண்டார்.
"ஆரோ விட்டிட்டுப் போட்டினம் போல."
"இல்லை" என்றேன்.
சுவிட்சைப் போட்டேன்.
இயந்திரம் சூடாக இரண்டு நிமிசம் எடுக்கும்.
அந்த இரண்டு நிமிசமும்
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
நான் தாள் விசிறினேன்.