வெள்ளைப் படங்கள்

செந்தூல், பி புளோக், தீக்கதவுக்குப் பின்னால் படிக்கட்டு.
முப்பத்தேழு மாடி.
மாடிக்குப் பதினெட்டுப் படி;
12ஏ என்று எழுதிய மாடிக்கு மட்டும் பத்தொன்பது.
கட்டியவனுக்கு அங்கே என்ன பயமோ.

முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி.
நான்கு மாதம் அதை ஏற்றி இறக்கினேன்,
உலையில் போடாமல்.

பத்துமலையில் பழகலாம்தான்.
வியர்த்து விறுவிறுத்து மேலே போய்
கும்பிடாமல் திரும்பி இறங்கி
மறுபடி ஏறக் கூச்சமாக இருந்தது.
மூன்றாவது நடையில் முருகனே கேட்டுவிடுவான்:
உனக்கு என்னதான் வேணும்?

இரவுக் காவலர் தேக்மான் புன்
கதவைத் திறந்துவிட்டு நோட்டில் எழுதுவார்.
வீட்டு எண். நேரம். காரணம்.
முதல் நாள் காரணத்தைச் சொன்னேன்.
கட்டத்துக்குள் மலாயில் 'குனோங்' என்று எழுதினார்.
"எந்த மலை?"
"பூன் ஹில்."
பேனாவை மூடினார்.
கழுத்தில் தொங்கிய பெயரட்டையைத் தூக்கி
என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.
"எங்கள் பெயர் அது. உங்கள் பயண ஏஜென்ட்
கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்."

நீங்கள் ஏறியிருக்கிறீர்களா?
"இரண்டு முறை. எருமையைத் தேடி."
கிடைத்ததா?
"ஒரு முறை."

அப்புறம் நான் போனேன்.
உல்லேரியின் கல்படிகளில்
யாரும் மாடி எண் எழுதி வைக்கவில்லை.
கோவேறு கழுதைகள் மணியடித்து வர
சுவரோடு ஒட்டி நின்று நின்று
முழங்கால் வலியைக் கழுதைகள்மேல் போட்டேன்.
காஜாங்கிலிருந்து வந்த யமுனாதேவி
இரவு முழுக்க இருமினாள், தூக்கத்திலும் மன்னிப்புக் கேட்டபடி.

விடிகாலை நாலு மணி. நெற்றியில் விளக்கு.
முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும்.
மூவாயிரத்து இருநூற்றுப் பத்து மீட்டர் என்றது பலகை.
அதற்கப்பால்
இட்லிப்பானையைத் திறந்து முகத்தை நீட்டிய மாதிரி,
ஆனால் குளிர்.
டீக்காரர் சொன்னார்: ஐந்து நிமிடம், விலகிவிடும்.
அவருடைய ஐந்து நிமிடங்களில்
ஒன்பதைக் குடித்தேன்.
ஐயாயிரத்து இருநூறு ரிங்கிட்.

இருந்தாலும் எடுத்தேன்,
இடமிருந்து வலமாக, நாற்பத்து மூன்று படம்.
ஒருவேளை கேமராவுக்குத் தெரியலாம் என்று.

திரும்பி வந்த இரவு அவர் கேட்டார்.
இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் வெள்ளை என்றேன்.
"காட்டுங்கள்."
தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்தார்.

முதல் படம். வெள்ளை.
கீழோரத்தில் வேலிக்கம்பி, ஒரு முழம் கொடித்துணி.
அதைக்கொண்டு திசை பிடித்தவர்
வெறும் வெள்ளையில் விரல் வைத்தார்:
தௌலாகிரி.
விரல் அங்கே சற்றுநேரம் கனத்தது.
அடுத்தது வெள்ளை: துக்குச்சே.
அடுத்தது, அதன் தோள்.

பார்சல் எடுக்க வந்த பையன்
எட்டிப் பார்த்தான்,
போன் கெட்டுவிட்டதா என்று கேட்டான்.

ஐந்தாவது படத்தில் விரல் நின்றது.
நான் பெயருக்குக் காத்திருந்தேன்.
"இதில் மலை இல்லை."
எனக்கு ஏனோ சுருக்கென்றது.
எல்லாமே ஒரே வெள்ளைதானே.
"இது இடைவெளி. கீழே காளிகண்டகி."
சாளக்கிராமம் கிடைக்கும் ஆறா?
"கல்லும் கிடைக்கும். காற்றும் இந்த வழியாகத்தான் வரும்,
மத்தியானம் ஆனால்
வேட்டுவிட்ட மாதிரி."

லிஃப்ட் யாருக்காகவோ திறந்து
யாரும் ஏறாமல் மூடியது.
திரை மங்கி அணையப் போனது.
அவர் தொட்டு எழுப்பினார்.
வலப்பக்கம் மீன்வால் இருக்கிறது, பொறுங்கள் என்றார்,
இன்னும் முப்பத்தெட்டு.