வினைமுற்று

பிறந்த புதிதில் அவனை அது என்றோம்.
அது சிரிச்சுது, அது தூங்கிடுச்சு,
அதுக்குப் பசிக்குது போல.
முதல் பல்லுக்குத் தேதி இருக்கிறது
முதல் அடிக்கு வீடியோ இருக்கிறது
எந்தக் கிழமையில் அது
அவன் ஆனது என்று மட்டும்
யாரும் குறித்துவைக்கவில்லை.

நன்மாறனுக்கு இப்போது நாலு.
தில்லியில் அவன் பேசும் இந்தி
முழுக்க என் வாயிலிருந்து எடுத்தது.
வெண்டைக்காய் விலை கேட்கும்போது,
சிலிண்டர்காரரிடம் போனில் கெஞ்சும்போது
இடுப்பில் இருந்தபடி எடுத்துக்கொண்டான்.
மைன் ஜாத்தீ ஹூன் என்பான்
செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு.
மைன் காத்தீ ஹூன் என்பான்
வாய் நிறைய பரோட்டாவோடு.
எனக்கு அது உறைக்கவே இல்லை.
என் குரல்தானே, சின்னதாக.

மயூர் விஹார் பள்ளியில் மூன்றாம் நாள்
தேவாங்ஷ் சிரித்தான்
பிறகு வகுப்பே சிரித்தது.
பபீதா மேடம் சிரிக்கவில்லை, திருத்தினார்:
பையன் என்றால் ஜாத்தா, பேட்டா.
அன்று மாலை அவன்
எங்கேயும் போகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் முதல் வீட்டைப் பிரிக்கத் தொடங்கினான்.
நாற்காலி பெண், கட்டில் ஆண்
ரொட்டி பெண், சாதம் ஆண்
என் துப்பட்டா ஆண்
அப்பாவின் மீசை பெண்.
மருதமுத்து கண்ணாடி முன் நின்று
அதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, பெண்கள் பெட்டி.
யமுனையைக் கடக்கும்போது சத்தமாகக் கேட்டான்:
"மெட்ரோவே பொண்ணுதானேம்மா
அப்புறம் ஏன் நமக்கு
ஒரே ஒரு பெட்டி?"
தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை, நல்லவேளை.
நமக்கு என்றான்.
ஆறு முடிந்து, அடுத்த நிலையமும் வந்தது,
நான் எதையும் திருத்தவில்லை.

இப்போதெல்லாம் இந்தியில் பேசுமுன்
ஒரு நொடி நிற்கிறான்,
டோக்கன் இருக்கிறதா என்று
பையைத் தொட்டுப் பார்ப்பவனைப் போல.
நான் வரேன், நான் மாட்டேன், நான்தான் முதல்ல
இவற்றுக்கெல்லாம் நிற்பதில்லை.

நேற்று இரவு தூக்கத்தில் முனகினான்.
மைன், என்றான்.
பால், என்றான், அல்லது பந்து.
நான் குனிந்து காதை வைத்துக்கொண்டேன்.
வினை கடைசியில்தான் வரும் இரண்டு மொழியிலும்.
அதற்குள் புரண்டு படுத்துவிட்டான்
சுவர் பக்கமாக.